28 வருஷம் சங்க ஆபீஸைத் தாங்கின அக்காவுக்கு சால்வையும் ஷீல்டும் மட்டும் போதுமா?

கேத்திக்காரன் – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரில மலைப்பயிர், மண்ணு, சோலைக்காடுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு சின்ன அறிவியல் சங்கம் இருக்கு, அதுல நான் இப்போ இணைச் செயலாளர். சங்கத்து பேரு வேணாம், விஷயத்துக்கு அது தேவையும் இல்ல. மெம்பருங்க பாதிப்பேர் முத்தோரை, வெல்லிங்டன், குன்னூர் பக்கம் ஆராய்ச்சி நிலையங்கள்ல இருக்கறவங்க, இல்ல அங்கருந்து ரிட்டயர் ஆனவங்க. மீதிப்பேர் காலேஜ் ஆளுங்க. சேரிங் கிராஸ் பக்கத்துல மாடில ஒரு ரூம், அதான் ஆபீஸ்.

அந்த ரூமை 28 வருஷமா பார்த்துக்கிட்ட ஆபீஸ் செகரட்டரி அக்கா வர்ற மார்ச்சோட ரிட்டயர் ஆகறாங்க. தலைவர் ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவார், செயலாளர் மாறுவார், எடிட்டர் டிரான்ஸ்ஃபர்ல டெல்லி போயிடுவார், அக்கா மட்டும் அதே நாற்காலி. மெம்பர்ஷிப் ரெஜிஸ்டர், சந்தா பாக்கி, பொதுக்குழு நோட்டீஸ், மினிட்ஸ் புக், பதிவாளர் ஆபீஸ்ல வருஷா வருஷம் தாக்கல் பண்ற கணக்கு, ஆடிட்டர் கேக்கற வவுச்சர், ஜர்னல் புரூஃப், போஸ்ட் ஆபீஸ் எல்லாமே அவங்க கைல ஓடுனதுதான். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் போட்ட காலத்துல சேர்ந்தவங்க, இன்னிக்கு ஆன்லைன்ல கட்டுரை வாங்கி ரெவ்யூவருக்கு அனுப்பற வரைக்கும் ஒவ்வொண்ணா தானே கத்துக்கிட்டாங்க. யாரும் டிரெய்னிங்னு எங்கயும் அனுப்பல.

ஊட்டி ஈரம் பத்தி உங்களுக்கே தெரியும், ஜூன் ஜூலைல பேப்பர் எல்லாம் பூஞ்சை புடிச்சுரும். பழைய ஜர்னல் பிரதிகளை ஒவ்வொரு மழைக்கும் முன்னாடி எடுத்து வெயில்ல காட்டி, வேப்பிலை வெச்சு திரும்ப அடுக்கறதை நானே பார்த்திருக்கேன். முதல் வால்யூம்ல இருந்து எங்ககிட்ட முழு செட் இருக்குன்னா அதனாலதான். 2009 நவம்பர்ல மண்சரிவு வந்து கேத்தி பக்கம் ரோடு, ரயில் ரெண்டும் போச்சே, அந்த வருஷமும் ஜர்னல் டிசம்பர் இதழ் வெளிய போயிருக்கு. கொரோனா சமயத்துல மீட்டிங் ஜூம்ல நடந்தப்போ எண்பது வயசு மெம்பருங்களுக்கு எல்லாம் முந்தின நாள் ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டு எந்த பட்டனை அமுக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க.

போன வாரம் செயற்குழுல இவங்களுக்கு என்ன செய்யறதுன்னு பேச்சு வந்தது. சால்வை, ஷீல்டு, மதிய சாப்பாடு, மொத்தம் அஞ்சாயிரம் பட்ஜெட்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. அடுத்த அஜெண்டாவுக்கு போயாச்சு. எனக்கு மனசு ஒப்பல. இதே சங்கம் ஒரு சிறப்பு விருந்தினர் வந்தா கார், ரூமுக்கே அதைவிட அதிகமா செலவு பண்ணுது. இந்த மாதிரி அறிவியல் சங்கங்கள்ல நிர்வாக வேலையே ஆயுசா பார்த்தவங்களுக்கு வேற எப்படி எல்லாம் மரியாதை செஞ்சிருக்காங்க? ஃபெல்லோஷிப் (சங்கத்து ஃபெல்லோங்கற கௌரவப் பட்டம்) குடுக்கலாமா, அவங்க பேர்ல ஒரு விருது வைக்கலாமா? அடுத்த செயற்குழுக்கு ஒரு பிரபோசலா கொண்டு போகணும், யோசனை சொல்லுங்க.


சோலைமரம் – பதில்

முதல்ல இதை கேட்டதுக்கு நன்றி சார். இது நெறைய சங்கத்துல கேக்கவே படாத கேள்வி.

நீங்க எழுதினதைப் படிக்கும்போது எனக்கு ஆசு பாபு ஞாபகம் வந்தது. ஆசுதோஷ் டே. 1907-ல கல்கத்தா பௌபஜார் தெருவுல இருந்த அறிவியல் வளர்ப்புச் சங்கத்தோட கதவை சி.வி. ராமன் தட்டினப்போ திறந்து விட்டவர் அவர்தான். ராமன் அப்போ கணக்குத்துறைல அதிகாரி, ஆபீஸ் போற நேரம் போக காலைலயும் ராத்திரியும் அங்க வந்து வேலை பார்ப்பார், அதுக்கு சாவி, சாமான், விளக்கு எல்லாம் தயாரா வெச்சிருந்தது ஆசு பாபு. காலேஜ் படிப்பே இல்லாத மனுஷன், பின்னாடி லண்டன் ராயல் சொசைட்டியோட ஜர்னலான புரொசீடிங்ஸ்ல தன் பேர்லயே கட்டுரை போட்டார். அவர் பேரு நமக்கு தெரியறதுக்கு காரணம் யாரோ அதை எழுதி வெச்சாங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணு. 1908-ல தொண்டை மஞ்சளா இருந்த ஒரு குருவியை எடுத்துக்கிட்டு ஒரு பையன் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு போனான். அங்க கௌரவச் செயலாளரா இருந்த மில்லார்டு அந்தப் பையனை துரத்தல, அது என்ன குருவின்னு சொல்லி, பாடம் பண்ணி வெச்சிருந்த பறவைகளை எல்லாம் ஒவ்வொரு டிராயரா திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் பின்னாடி பெரிய பறவை ஆராய்ச்சியாளரான சாலிம் அலி. மில்லார்டும், அவருக்கு முன்னாடி செயலாளரா இருந்த ஃபிப்சனும் பொழப்புக்கு ஒயின் வியாபாரம் பண்ணவங்க, சங்க வேலையை சம்பளம் இல்லாம பார்த்தாங்க.

இதை எதுக்கு சொல்றேன்னா, சங்கத்தோட ஆபீஸ்ல யாரு உக்காந்திருக்காங்கங்கறது விஞ்ஞானத்துக்கே முக்கியம். உள்ள வர்ற சின்னப் பசங்களை அவங்க எப்படி நடத்தறாங்கங்கறதுல நெறைய அடங்கியிருக்கு. உங்க அக்காவால ஜர்னல்ல முதல் கட்டுரை போட்ட ஸ்டூடண்ட்ஸ் எத்தனை பேர் இருப்பாங்க? அவங்களைத் தேடிப் புடிச்சு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. ஜர்னல்லயே போடுங்க, தனி மலரா அடிச்சா நாலு பேர் வாங்கிட்டு போய் பீரோல வெச்சுருவாங்க. ஜர்னல்ல வந்தா வால்யூம் நம்பரோட லைப்ரரில இருக்கும், நாளைக்கு யாராவது தேடினா கிடைக்கும்.


மலைச்சாரல் – பதில்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவோட உழைப்பை நான் குறைச்சு சொல்லல. ஆனா ஃபெல்லோஷிப் வேணாம். ஃபெல்லோங்கறது ஆராய்ச்சியைப் பார்த்து சக ஆராய்ச்சியாளர்கள் குடுக்கறது. அதை அன்புக்காக குடுத்தோம்னா நாளைக்கு தலைவருக்கு வேண்டியவங்க, கான்ஃபரன்ஸுக்கு ஸ்பான்சர் பண்ணவங்கன்னு வரிசை நிக்கும், நான் வேற ஒரு சங்கத்துல அதை கண்ணால பார்த்தவன். அக்காவுக்கும் அது சங்கடம்தான், எவனாவது ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி பேசுவான்.

கௌரவ ஆயுள் உறுப்பினர்னு தனியா ஒரு வகை இருந்தா அது சரி. உங்க பைலால, அதாவது சங்க விதிகள்ல, இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பைலா திருத்தணும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல பதிவான சங்கம்னா அதுக்கு பொதுக்குழுல சிறப்புத் தீர்மானம் வேணும், முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கணும், நிறைவேத்தினதும் மாவட்டப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும். மார்ச்சுக்குள்ள முடியணும்னா இப்பவே ஆரம்பிச்சாதான் ஆகும். அந்த உறுப்பினருக்கு ஓட்டு உரிமை உண்டான்னும் அதுலயே தெளிவா எழுதிருங்க. 28 வருஷம் ஓட்டுச்சீட்டு எண்ணினவங்களுக்கு ஒரு ஓட்டு குடுக்கறது நியாயம்னு என் அபிப்ராயம்.


ரிட்டயர்டு_கணக்கு – பதில்

எல்லாரும் கௌரவம் பத்தியே பேசறீங்க, பணத்தைப் பத்தி யாருமே பேசல. நான் பேசறேன்.

அந்தம்மாவுக்கு பி.எஃப். இருக்கா? பணிக்கொடை, அதான் கிராஜுட்டி, உண்டா? ரெண்டு பேர் மூணு பேர் வேலை பார்க்கற சங்கம்னா ரெண்டுமே இருக்காது, ஏன்னா பி.எஃப். 20 பேர் இருந்தாத்தான் கட்டாயம், கிராஜுட்டி 10 பேர் இருந்தாத்தான் கட்டாயம். இதான் சின்னச் சங்கங்கள்ல வேலை பார்க்கறவங்க நிலைமை. சட்டப்படி ஒண்ணும் தர வேண்டியதில்லைன்னு செயற்குழுல ஒருத்தர் சொல்வார் பாருங்க, சொல்றது சரியாவும் இருக்கும். ஆனா சட்டம் கட்டாயப்படுத்தல, அவ்ளோதான், குடுக்கக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல. பெரிய கம்பெனில அதே 28 வருஷம் இருந்திருந்தா கைக்கு என்ன வந்திருக்குமோ அதை சங்கம் தானா முன்வந்து தரலாம்.

கணக்கு ரொம்ப ஈஸி. 1972 பணிக்கொடைச் சட்டத்துல வந்த சூத்திரம்தான், கடைசி மாசச் சம்பளத்தை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, எத்தனை வருஷமோ அதால பெருக்கணும். சம்பளம் 15,600-ன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கங்க. ஒரு நாளுக்கு 600, பதினஞ்சு நாளுக்கு 9,000, இருபத்தெட்டு வருஷத்துக்கு 2,52,000 ரூபாய். உங்க செயற்குழு ஒதுக்கினது அஞ்சாயிரம். இந்த ரெண்டு நம்பரையும் பிரபோசல்ல முதல் பக்கத்துலயே பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, வேற எதுவும் விளக்கம் வேண்டாம்.

சங்கத்துகிட்ட ஃபிக்சட் டெபாசிட் இருக்கும், கார்பஸ்ல (அந்த மூலத் தொகைல) கை வைக்க முடியாதுன்னா வட்டில இருந்து ரெண்டு தவணையா குடுங்க. மெம்பருங்ககிட்ட வசூல் பண்றதா இருந்தா யாரோ ஒருத்தர் ஜிபே நம்பருக்கு போடச் சொல்லாதீங்க, சங்கத்து அக்கவுண்ட்டுக்கு ரசீதோட வரணும், ஆடிட்டரை கேட்டுட்டு தீர்மானத்துல 'பணிக்கொடை'ன்னு எழுதி செக்கா குடுங்க. கவர்ல பணம் வெச்சு மேடைல குடுக்கறது வேண்டவே வேண்டாம். இது அன்பளிப்பு இல்ல, அவங்க சம்பாதிச்ச காசு, அந்த மரியாதையோட கைக்கு போகணும்.

அப்புறம் அவங்க இடத்துக்கு வர்ற புள்ளைக்காவது இப்ப இருந்தே வருஷா வருஷம் பதினஞ்சு நாள் சம்பளத்தை தனியா எடுத்து வைங்க. அப்ப ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு யாரும் முழிக்க வேண்டியதில்ல.


கேத்திக்காரன் – பதில்

@ரிட்டயர்டு_கணக்கு ஐயா, ரொம்ப நன்றி. நீங்க கேட்ட மாதிரியே பி.எஃப். இல்ல, கிராஜுட்டி இல்ல. நிரந்தர வைப்புத் தொகை இருக்கு, வட்டி ஜர்னல் அச்சுக்கு போகுது. இப்போ ஜர்னல் பாதி ஆன்லைன் ஆனதால அச்சுச் செலவு குறைஞ்சிருக்கு, அதனால தர முடியும்னு பொருளாளரே சொல்றார். @மலைச்சாரல், ஃபெல்லோஷிப் பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்கறேன், கௌரவ ஆயுள் உறுப்பினர்னே கொண்டு போறேன். விருது விஷயத்துல மட்டும் இன்னும் குழப்பம்.


கொடை_வெயில் – பதில்

விருது பத்தி கேட்டதால எழுதறேன், நான் கொடைக்கானல்காரன், வானியல் பக்கம் ஆர்வம்.

வெளிநாட்டுல இதுக்குன்னே விருது உண்டு. அமெரிக்க வானியல் சங்கம் வான் பீஸ்ப்ரூக்ங்கற வானியலாளர் பேர்ல ஒரு பரிசு குடுக்குது, வானியலுக்கு ரொம்ப காலம் சுயநலம் இல்லாம சேவை பண்ணவங்களுக்கு, சம்பளத்துக்கு பார்க்க வேண்டிய வேலைக்கும் மேல போய் பண்ணவங்களுக்கு. 1993-ல அது ஜேனட் மேட்டெய்க்கு போச்சு. ஒளி மாறும் விண்மீன்களைப் பார்க்கற அமெச்சூர் ஆளுங்களோட சங்கத்துக்கு 1973-ல இருந்து 2004-ல சாகற வரைக்கும் இயக்குநரா இருந்தவங்க. உலகம் பூரா கொல்லைப்புறத்துல டெலஸ்கோப் வெச்சிருக்கறவங்க அனுப்பற அளவுகளை எல்லாம் வாங்கி, சரிபார்த்து, கேக்கற விஞ்ஞானிக்கு குடுக்கற வேலை. அவங்களுக்கு முன்னாடி இருந்த மார்கரெட் மேயால், ஹார்வர்டு ஆதரவு நின்னு போனப்போ அந்தச் சங்கத்தை மூட விடாம காப்பாத்தினவங்க. ஒரு குறுங்கோளுக்கு மேட்டெய் பேரே வெச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க. இவங்க எல்லாருமே பட்டம் வாங்கின விஞ்ஞானிகள். சேவை விருதுன்னு பேரு வெச்சாலும் கடைசில அது பெரும்பாலும் இன்னொரு விஞ்ஞானிக்குத்தான் போகுது, கவுண்டர்ல உக்காந்து ரசீது போட்டவங்களுக்கு போறதில்ல. அதனால நீங்க விருது வைக்கறதா இருந்தா விதிலயே எழுதுங்க, இது சங்கங்கள்ல, ஆராய்ச்சி நிலையங்கள்ல நிர்வாக வேலை, லைப்ரரி, லேப், தோட்டம், ஸ்டோர் பார்க்கறவங்களுக்கு மட்டும், ஆராய்ச்சியாளர்களுக்கு இல்லைன்னு. நீலகிரில அப்படிப்பட்டவங்களுக்கா பஞ்சம்? முத்தோரைல அந்த 530 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் 1970-ல இருந்து மலைச்சரிவுல நிக்குதே, அந்த மழைலயும் காத்துலயும் அதை ஓட வைக்கறதுக்கு எத்தனை கைங்க வேணும். எங்க ஊரு சூரிய ஆய்வகத்துல 1904-ல இருந்து எடுத்த சூரியனோட படங்கள் இருக்கு, நூறு வருஷத்துக்கும் மேல, இன்னிக்கு அதை ஸ்கேன் பண்ணி உலகம் பூரா ஆராய்ச்சிக்கு எடுக்கறாங்க. சூரியப் புள்ளிகள்ல வாயு ஓடறதை எவர்ஷெட்ங்கற விஞ்ஞானி 1909-ல இங்க கண்டுபிடிச்சது பாடப்புத்தகத்துல இருக்கு. படம் எடுத்த ஒவ்வொரு கண்ணாடி பிளேட்டுக்கும் தேதி, நேரம் எழுதி, ஒடையாம அடுக்கி வெச்சவங்களை எத்தனை பேருக்கு தெரியும்? தேதி இல்லாத படம் எதுக்கு ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அப்போ அந்த வேலை என்னன்னு புரியும்.

இன்னொரு விஷயம், பாராட்டுப் பத்திரம். 'அயராது உழைத்து, புன்னகை மாறாமல்'னு எழுதாதீங்க ப்ளீஸ், எல்லாருக்கும் அதையேதான் எழுதறோம். நீங்க மேல கேள்வில எழுதினீங்களே, வேப்பிலை, 2009 டிசம்பர் இதழ், ஜூம் மீட்டிங்குக்கு முந்தின நாள் ஃபோன், அதையே எழுதுங்க. எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம், எத்தனை வால்யூம், எத்தனை தலைவருங்க காலம்னு ரெஜிஸ்டரைப் பார்த்து போடுங்க. படிக்கறவங்களுக்கு இது வேற யாருக்கும் எழுத முடியாத பத்திரம்னு தெரியணும்.


பழைய_ஸ்டென்சில் – பதில்

நான் இதே மாதிரி வேலைல இருக்கறவ, குன்னூர். அதனால அந்த அக்கா பக்கத்துல இருந்து சில விஷயம் சொல்லலாமா? எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா யாரும் ஒண்ணு கேக்கல.

இந்த விழாவுக்கு ஹால் புக் பண்றது யாரு? ஃபிளெக்ஸ் அடிக்க மேட்டர் குடுக்கறது, சால்வை வாங்கறது, சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு எண்ணி சொல்றது, வர்ற விஐபிக்கு கார் ஏற்பாடு பண்றது யாரு? இத்தனை வருஷமா அந்த வேலை எல்லாம் அவங்கதானே செஞ்சாங்க. கடைசில அவங்க விழாவையும் அவங்களையே பார்க்க விட்டுருவாங்க, வேணும்னு இல்ல, பழக்க தோஷத்துல. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல எனக்கு சீனியரா இருந்தவங்க தன்னோட வழியனுப்பு விழாவுக்கு தானே மெமெண்டோ ஆர்டர் குடுத்தாங்க, அதுல தன் பேரு ஸ்பெல்லிங் சரியான்னு புரூஃப் பார்த்ததும் அவங்கதான். நான் அன்னிக்கு அழுதேன். தயவுசெஞ்சு அக்காவை ஒரு பேப்பர் கூட தொட விடாதீங்க. இணைச் செயலாளர் நீங்க, உங்க கூட ரெண்டு இளம் மெம்பர், நீங்களே ஓடியாடி செய்யுங்க.

தேதி அவங்ககிட்ட கேட்டு வைங்க. அவங்க படுகர் வீடா இருந்தா ஹெத்தை ஹப்பா திருவிழா சமயத்துல வெச்சுராதீங்க, டிசம்பர் ஜனவரில ஊரே அங்கதான் இருக்கும். வீட்டுக்காரர், புள்ளைங்க, மாமியார், யார் வரணுமோ எல்லாரையும் கூப்புடுங்க, முன் வரிசைல உக்கார வைங்க, விஐபி வரிசைன்னு அவங்களைப் பின்னாடி தள்ளாதீங்க. வருஷக்கூட்டத்து அன்னிக்கு அக்கா ராத்திரி லேட்டா வந்தப்போ எல்லாம் வீட்டுல சமைச்சு வெச்சவங்க அவங்கதானே.

அவங்களை பேச விடுங்க. நன்றி சொல்ல ரெண்டு நிமிஷம்னு மைக்கை குடுத்து வாங்காதீங்க, இந்தச் சங்கம் எப்படி இருந்தது, என்ன மாறணும்னு கேளுங்க. அவங்க அளவுக்கு அந்தச் சங்கத்தோட உள்விஷயம் தெரிஞ்சவங்க உங்க ஃபெல்லோங்கள்ல ஒருத்தரும் கிடையாது.

கடைசியா ஒண்ணு, இது பணம் சம்பந்தப்பட்டது. ரிட்டயர் ஆன அடுத்த மாசத்துல இருந்து ஃபோன் வர ஆரம்பிக்கும், அக்கா அந்த ஃபைல் எங்க, பாஸ்வேர்ட் என்ன, அந்த ஆடிட்டர் நம்பர் இருக்கான்னு. ஆறு மாசம் இலவசமா வேலை வாங்கிருவாங்க. ஏப்ரல்ல இருந்து மூணு மாசம் வாரத்துல ரெண்டு நாள் புது ஆளுக்கு வேலை சொல்லிக்குடுக்க சம்பளத்தோட ஒரு ஆர்டர் போடுங்க. அதுக்கு அப்புறம் அவங்க ஃபோன் எடுக்கறதும் எடுக்காததும் அவங்க இஷ்டம். எனக்கு யாராவது இப்படி செஞ்சா நான் மரியாதைன்னு அதைத்தான் நெனைப்பேன்.


சோலைமரம் – பதில்

@பழைய_ஸ்டென்சில் அக்கா, நீங்க எழுதினதை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு சங்கத்து செயலாளருக்கும் அனுப்பலாம் போல இருக்கு. மேல நான் சொன்ன ஸ்டூடண்ட்ஸ் எழுத்தோட இதையும் சேர்க்கணும், அக்காவை உக்கார வெச்சு ஒரு நீளமான பேட்டி எடுத்து ரெக்கார்ட் பண்ணுங்க. எந்த வருஷம் சந்தா வராம தடுமாறினாங்க, எந்த எடிட்டர் காலத்துல ஜர்னல் லேட் ஆச்சு, எதை எப்படி சமாளிச்சாங்கன்னு. சங்கத்து வரலாறு எழுதறேன்னு எவராவது வந்தா மினிட்ஸ் புக்ல 'விவாதிக்கப்பட்டது'ன்னு ஒத்தை வரிதான் இருக்கும்.


கேத்திக்காரன் – பதில்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து தலைவர்கிட்டயும் பொருளாளர்கிட்டயும் பேசினேன், செயற்குழு அடுத்த வாரம். ரிட்டயர்டு_கணக்கு ஐயா சொன்ன மாதிரி ரெண்டு நம்பரையும் முதல் பக்கத்துல பக்கத்துல பக்கத்துல போட்டுட்டேன், தலைவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தார், அப்புறம் "பணிக்கொடை குடுத்துரலாம், முழுசா"ன்னு சொன்னார். ரெண்டு தவணை, முதல் தவணை மார்ச்லயே. புதுசா வர்றவங்களுக்கு தனியா ஒதுக்கறதுக்கும் தீர்மானம் எழுதியாச்சு. மூணு மாச ஆர்டர் பத்தி பொருளாளர் மட்டும் யோசிக்கறார், அவரை நான் ஒத்துக்க வைக்கறேன்.

கௌரவ ஆயுள் உறுப்பினர் ஓட்டு உரிமையோட, அதுக்கு பைலா திருத்தம், நோட்டீஸ் டிராஃப்ட் ரெடி. அந்த நோட்டீஸை நானே டைப் பண்ணி நானே போஸ்ட் பண்ணப் போறேன், அக்காவுக்கு தெரியாம. விருது இந்த வருஷம் அறிவிக்க மட்டும் செய்யறோம், விதி கொடை_வெயில் சொன்னபடி ஆராய்ச்சியாளர் அல்லாதவங்களுக்கு மட்டும், அக்கா பேர்ல. அவங்ககிட்ட சம்மதம் கேக்கணும், அதை தலைவர் நேர்ல வீட்டுக்குப் போய் கேக்கறேன்னு சொல்லியிருக்கார். விழா ஏப்ரல்ல, தேதி அவங்க சொல்றதுதான்.

இப்போ ஒரு உதவி. 1990-கள் கடைசில இருந்து 2010 வரைக்கும் ஊட்டில நடந்த எங்க வருஷக்கூட்டங்களுக்கு வந்தவங்க இங்க யாராவது இருந்தா, உங்ககிட்ட பழைய குரூப் போட்டோ இருந்தா எனக்கு தனி மெசேஜ் அனுப்புங்க. எங்க ஆல்பத்துல தலைவருங்க, சிறப்பு விருந்தினருங்க எல்லாரும் இருக்காங்க, அக்கா இருக்கற படம் இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சிக்கிச்சு, அதுவும் பாதி மறைஞ்சு. அவங்ககிட்ட முதல் கட்டுரை குடுத்த ஸ்டூடண்ட்ஸ் யாராவது இதைப் படிச்சா, ஜனவரி முடியறதுக்குள்ள ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க, தமிழோ இங்கிலீஷோ எதுவா இருந்தாலும் ஜர்னல்ல போடறோம்.